புயல் பாய்

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலம்தானே? இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் முதல் வரியிலேயே நீ கத்துவாய், நான் பதிலுக்குக் கத்துவேன், மாமா போனைப் பிடுங்கி, "அப்புறம் பேசிக்கலாம், விடுங்க" என்பார். கடிதத்தில் நான் முடிக்கும்வரை உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் தையல் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்து படி.

நவம்பரில் நான் கடலைக் கடக்கப் போகிறேன். கப்பலில் இல்லை, பாய்மரப் படகில். முப்பதடி நீளம். உன் கடையைவிட இரண்டடி அதிகம். மூன்று பேர் போகிறோம். இந்தக் கரையை விட்டால் அந்தக் கரைக்கு ஒரு மாதம் ஆகும்.

மற்ற இரண்டு பேரும் உனக்குத் தெரிந்தவர்கள்தான். நான் பதினோரு வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஃபெர்ரியை ஓட்டினாரே, கேப்டன், அவர் ஒருவர். அதே ஃபெர்ரியில் ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டே வரும் கணக்கு டீச்சர் இன்னொருவர். பாலம் வந்து ஃபெர்ரியை நிறுத்திய பிறகும் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்திப்பதை நிறுத்தவில்லை. படகு கேப்டனுடையது. திசைக்கணக்கு டீச்சர் பொறுப்பு. அடி பட்டால், உடம்புக்கு முடியாமல் போனால் நான்.

ஏன் என்று கேட்பாய். இருபத்து மூன்று வருஷமாக ஜன்னலே இல்லாத ஆபரேஷன் தியேட்டரில் விளக்குக்குக் கீழே நர்ஸாக நிற்கிறேன். ஒரு மாதம் சுவரே இல்லாத இடத்தில் இருந்து பார்க்கிறேனே.

உன்னிடம் ஒரு உதவி. காற்று அளவுக்கு மீறினால் மற்ற பாய்களை எல்லாம் இறக்கிவிட்டு ஒரே ஒரு சின்ன முக்கோணப் பாயை ஏற்ற வேண்டுமாம். புயல் பாய் என்கிறார்கள். அது இல்லாவிட்டால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்துவிடும். படகோடு வந்த பழைய பாய் மட்கிவிட்டது, கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. இருபது வருஷமாக லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறாய். இதுவும் பாய்தான். அளவுத்தாளும் துணியும் தனியாகப் பார்சலில் வருகின்றன.

திட்டுவதையெல்லாம் எழுத்தில் திட்டு. பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.

உன்
வாலு


ஆகஸ்ட் 15

என் அருமை வாலுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவையும் அதேதான் எழுதியிருந்தது.

உனக்கு நாற்பத்தேழு வயதாகிறது. இந்த வயதில் மற்றவர்கள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சுவர் இல்லாத இடம் வேண்டுமென்றால் மைதானத்துக்குப் போ. மொட்டை மாடி இல்லையா உன் வீட்டுக்கு?

மாமா பேரப்பிள்ளையின் பள்ளிக்கூட வரைபடத்தை வாங்கிவந்து கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். உங்கள் இரண்டு கரைக்கும் நடுவில் என் நான்கு விரல் அகலத்துக்கு நீலம். அதில் ஒரு புள்ளிகூட இல்லை. "தீவு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டேன். "இருந்தா போட்டிருக்க மாட்டாங்களா?" என்றார். அவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் உன்னை மெச்சிக்கொள்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மா போனபோது உனக்கு ஒன்பது, எனக்குப் பதினாறு. அன்றிலிருந்து உனக்குச் சளி பிடித்தாலே எனக்கு ராத்திரித் தூக்கம் போய்விடும். நேற்று மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதே உன் தலை தண்ணீருக்குள் போவது போல ஒரு நினைப்பு. ஊசி விரலில் இறங்கிவிட்டது. நகத்தோடு போயிற்று. பயப்படாதே, கட்டுப் போட்டாயிற்று.

பாயை நான்தான் தைப்பேன். முடியாது என்று சொன்னால் வேறு யாரிடமாவது கொடுப்பாய். அவன் எப்படித் தைத்தானோ என்று எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும். துணி வந்துவிட்டது. மூன்று மூலைக்கும் நாலு மடிப்பு, நாலு வரிசைத் தையல். ஆனால் வாலு, தைக்கிறேன் என்றதால் சம்மதித்துவிட்டேன் என்று நினைக்காதே.

வேண்டாம்டி. யோசி.

உன்
அக்கா


செப்டம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

விரல் எப்படி இருக்கிறது? கட்டை நனைக்காதே. வீங்கினால் டாக்டரிடம் போ, கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதே.

மூன்று நாள் ஒத்திகைக்குப் போய்வந்தோம். கரை கண்ணுக்குத் தெரியாத தூரம்வரை. உனக்குச் சிரிப்பு வரட்டும் என்று எழுதுகிறேன். டீச்சருக்கு முதல் மணி நேரத்திலேயே வாந்தி. ஒரு கையில் வாளி, மறு கையில் பென்சில். வாந்தி எடுத்துவிட்டு வாயைத் துடைத்து, மணி, வேகம், திசை எல்லாம் குறிப்பார். மறுபடி வாளி. ஒரு கணக்குகூடத் தப்பவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் காற்று ஏறியது. பின்னாலிருந்து அலை வரும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்று கேப்டன் சொல்லியிருந்தார். நான் பார்த்துவிட்டேன். அக்கா, அது தண்ணீர் மாதிரி இல்லை. மாடிக் கட்டடம் ஒன்று அடியோடு பெயர்ந்து வருவது போல இருந்தது. பாய்க்கயிற்றைப் பிடித்திருந்தேன். "விடுங்க சிஸ்டர், கயித்த விடுங்க!" என்று கேப்டன் கத்துகிறார். என் விரல்கள் விடவில்லை. டீச்சர் தவழ்ந்து வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். பிறகு மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆபரேஷன் தியேட்டரில் ஒரு நாளும் நடுங்காத கை, ஒரு கயிற்றை விடமாட்டேன் என்றதே!

புயல் பாயை ஏற்றி இறக்கிப் பழக வேண்டும் என்கிறார் கேப்டன். எப்போது அனுப்புகிறாய்?

உன்
வாலு


அக்டோபர் 4

அன்பு வாலுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஒரு மாதமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். சிரிப்பதற்கென்று எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமா சிரித்தார், பாதியில் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பாய் இன்னும் ஆகவில்லை. உப்புத் தண்ணீருக்குத் தாங்கும் நூல் வேண்டும் என்று சொல்லி வைத்தேன், வந்த நூல் மெலிசு. திருப்பி அனுப்பியிருக்கிறேன். கடையில் வேலையும் அதிகம். மழைக்காலம் வருகிறதல்லவா, லாரிக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறார்கள். அவசரத்தில் தைத்தால் தையல் கோணும். பொறுத்துக்கொள்.

இந்த வருஷம் இல்லாவிட்டால் என்ன? கடல் எங்கே போய்விடப் போகிறது?

உன்
அக்கா


அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நூல் வந்ததா?

இங்கே எல்லாம் தயார். தண்ணீர்க் கேன்களை அடுக்கிக் கட்டியாயிற்று. தினமும் ஒரு தடவை நாங்கள் இருக்கும் இடத்தை உன் போனுக்கு அனுப்பும் சின்னக் கருவி ஒன்று வாங்கியிருக்கிறோம். இரண்டு எண்கள் மட்டும் வரும். மாமா அவற்றை வைத்து வரைபடத்தில் குறிக்கலாம்.

நவம்பர் 15-க்கு மேல் கரையோரக் காற்று எதிராகத் திரும்பிவிடும், படகை வெளியே எடுக்க முடியாது. அதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். பாய்க்காக நேற்று மூன்று பேரும் கூடிப் பேசினோம்.

டீச்சர், "வேற ஆளுகிட்ட குடுத்திருக்கலாமே, சிஸ்டர்" என்றார்.

"எங்க அக்கா தையல் மாதிரி வராது. காத்திருப்போம். அடுத்த வருஷம் ஆனாலும் ஆகட்டுமே" என்றேன்.

கேப்டன் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அறுபத்து மூன்று வயது. "அடுத்த வருஷம் என் கண்ணு எப்படி இருக்குமோ, யாருக்குத் தெரியும்?" என்றார். கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். அவர்கள் இரண்டு பேர் ஒரு பக்கம், நான் மட்டும் ஒரு பக்கம்.

அதனால் முடிவாகிவிட்டது. உன் பாய் வந்தாலும் வராவிட்டாலும் 14-ஆம் தேதி காலை கிளம்புகிறோம். பழைய பாய்க்கு இரண்டு பக்கமும் துணி ஒட்டி வைத்திருக்கிறார் கேப்டன். தாங்கும் என்கிறார்.

உன்
வாலு


அக்டோபர் 30

வாலு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் என் கடைக்குப் பதினைந்து வருஷமாக வரும் லாரிக்காரர். கூடவே ஒரு சாக்கு மூட்டையும் தருவார். அதற்குள் உன் பாய் இருக்கிறது.

அது செப்டம்பர் 11-ஆம் தேதியே முடிந்துவிட்டது. நூல் சரியில்லை என்று எழுதியது பொய். வேலை அதிகம் என்றதும் பொய்.

முடித்த அன்று கடை வாசலில் ஆறு ஆட்களை நிறுத்தி, மூலைக்கு இரண்டு பேராக இழுக்கச் சொன்னேன். ஒரு தையல் அசையவில்லை. எல்லாரும் பாராட்டினார்கள். இதை அனுப்பினால் நீ போய்விடுவாய் என்று அப்போதுதான் உறைத்தது. சாக்கில் திணித்து, மேலே "கழிவுத் துணி" என்று எழுதி, வெட்டு மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டேன். தேதி கடந்துவிட்டால் ஒரு வருஷம் கிடைக்கும், அதற்குள் உன் மனது மாறிவிடும் என்று கணக்குப் போட்டேன். பாய் இல்லாமலே கிளம்புவீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கட்டைவிரல் உள்ளே போகும் பாயோடு!

நேற்று உன் கடிதம் வந்ததும் மாமாவிடம் சொன்னேன். முப்பத்து நாலு வருஷத்தில் அவர் என்னைக் கடிந்து பேசியதில்லை. நேற்று, "நீ என்ன காரியம் பண்ணியிருக்கே தெரியுதா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் நான் மனுஷியே இல்லை. செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் அந்தப் பாயை வெளியே எடுத்தேன். ஒரு மூலையில் ஒரு வரிசைத் தையலைப் பிரித்துவிட்டு அனுப்பினால், ஒத்திகையிலேயே கிழியும், பயந்துபோய்ப் பயணத்தைக் கைவிடுவீர்கள் என்று ஒரு நினைப்பு. கத்தரிக்கோலை எடுத்துத் தையலில் வைத்தேன். வெட்டவில்லை. ஒரு இழைகூட வெட்டவில்லை. ஆனால் என் கை அதுவரை போயிற்று, வாலு. அன்றிலிருந்து கடல்மேல் இருக்கும் பயம் ஒரு பக்கம், என்மேலேயே இருக்கும் பயம் ஒரு பக்கம். அதற்கப்புறம் அதைத் தொடவே இல்லை.

நீங்கள் மூன்று பேரும் ஒவ்வொரு தையலாகப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். என் வார்த்தையை நம்ப வேண்டாம்.

என்னை மன்னி என்று கேட்க வாய் வரவில்லை. போகாதே என்று கேட்கவும் இனி எனக்கு வாயில்லை.

அக்கா


நவம்பர் 10

அக்கா,

பாய் கிடைத்தது.

உன் கடிதத்தை மற்ற இரண்டு பேருக்கும் படித்துக் காட்டினேன். மறைக்க எனக்கு உரிமை இல்லை, அவர்கள் உயிரும் அந்தத் துணியில்தான் தொங்கப் போகிறது. டீச்சர் பூதக்கண்ணாடியோடு தரையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் தையல் தையலாகப் பார்த்தார். "ஒண்ணும் குறையில்ல. நல்ல தையல்" என்றார். கேப்டன் பழைய பாயைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தார்.

எனக்குக் கோபம் ஆறவில்லை. ஒன்றரை மாதம் பாயை ஒளித்துவைத்து என்னிடம் பொய் சொன்னாய். என் உயிர், அக்கா. அதை என்ன செய்வது என்று என்னைக் கேட்காமல் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டாய். உன் தையலை நம்புகிறேன். உன்னை நம்ப இன்னும் நாளாகும்.

14-ஆம் தேதி கிளம்புகிறோம். போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். அந்தக் கரையில் நாங்கள் இறங்கும் துறைமுக அலுவலகத்தின் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். அது மாமாவுக்காக.

தங்கை


டிசம்பர் 6

வாலு,

முகவரி மாமாவுக்கு என்று எழுதியிருந்தாய். அவர்தான், "எழுது, எழுதாம இருந்தா உனக்கு ஏதாவது ஆயிடும்" என்றார்.

பத்தொன்பது நாள் தவறாமல் எண்கள் வந்தன. மத்தியானம் சரியாக ஒரு மணிக்குப் போன் சிணுங்கும். மாமா அளவுகோலை வைத்துப் புள்ளி குத்துவார். பத்தொன்பது புள்ளி. பாதிக்குமேல் தாண்டிவிட்டீர்கள். 3-ஆம் தேதி ஒரு மணிக்குப் போன் சிணுங்கவில்லை. 4-ஆம் தேதியும் இல்லை. நேற்றும் இல்லை.

கடலோரக் காவல் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். "அந்தப் பக்கம் பெரிய காத்து அடிச்சிருக்குங்கம்மா. கருவி நனைஞ்சிருக்கலாம். இப்பவே எதுவும் முடிவு பண்ணாதீங்க. அந்த வழியா போற கப்பல்களுக்குச் சொல்லியிருக்கோம்" என்றாள். நல்ல பெண். அவள் அவ்வளவு பொறுமையாகப் பேசியதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கடையைத் திறந்து வைத்திருக்கிறேன். மெஷினில் உட்கார்ந்தால் கால் மிதிக்கிறது, துணி ஓடுகிறது. எங்கே தைத்தேன் என்று தெரியவில்லை. லாரிக்காரர்கள் உள்ளே வந்து, வரைபடத்தைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் வேலையை வைத்துவிட்டுப் போகிறார்கள். எதிர்க்கடைக்காரர் ரேடியோவை நிறுத்திவிட்டார். நான் சொல்லவில்லை, அவராகவே.

எந்தத் தையல் எப்படிப் போட்டேன் என்று மனதுக்குள் மறுபடி மறுபடி தைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது மூலைக்கு வரும்போது கத்தரிக்கோல் ஞாபகம் வந்துவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து.

இந்தக் கடிதத்தை இப்போதே போய்த் தபாலில் போடுகிறேன். இது அங்கே வந்து சேர்ந்தால் வாங்கிப் படிக்க ஆள் இருக்க வேண்டும். கோபத்தோடு இரு. என்னோடு காலம் முழுக்கப் பேசாமல் இரு. இரு, அவ்வளவுதான்.

அக்கா


டிசம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று நாள் முன்னால் போன் செய்தபோது இரண்டு பேரும் அழுததில் எதுவுமே சொல்லவில்லை. "உயிரோட இருக்கேன்", "சாப்பிட்டியா", இவ்வளவுதான் பேசினோம். அதனால் எழுதுகிறேன். உன் கடிதம் எனக்கு முன்பே இந்தத் துறைமுக அலுவலகத்துக்கு வந்து காத்திருந்தது. வாங்கிப் படிக்க ஆள் இருக்கிறேன்.

2-ஆம் தேதி மாலையே வானம் மஞ்சளாகப் பழுத்துவிட்டது. மறுநாள் காலையில் உன் பாயை ஏற்றினோம். இரண்டு நாள் அது ஒன்றுதான் மேலே நின்றது. நின்றது என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் காற்றில் அதுவே பெரிது.

முதல் நாள் ஒரு அலை பக்கவாட்டில் அடித்து எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டது. கருவியும் ரேடியோவும் அப்போதுதான் செத்தன. கேப்டன் உள்ளே மேஜை விளிம்பில் போய் மோதினார். தொட்டுப் பார்த்தேன். இடது பக்கம் மூன்று விலா எலும்பு முறிந்திருந்தது. ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டேன், அடியில் மூச்சுச் சத்தம் குறைந்திருந்தது. உள்ளே நுரையீரலைச் சுற்றி ரத்தம் சேர்கிறது என்று எனக்குத் தெரியும், அக்கா. தியேட்டரில் எத்தனை பார்த்திருக்கிறேன். கரைக்கு இன்னும் இரண்டு வாரம்.

"என்ன சிஸ்டர்?" என்று கேட்டார்.

"சதை பிடிச்சிருக்கு. ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றேன்.

டீச்சரிடமும் அதையேதான் சொன்னேன். அவர் பயந்துவிட்டால் படகு யார் கையில் நிற்கும்? உண்மையைச் சொல்லாததற்கு எவ்வளவு நல்ல காரணங்கள் கிடைத்தன தெரியுமா! நாலு நாள் சொல்லவில்லை. நானும் டீச்சரும் மாற்றி மாற்றிச் சுக்கானைப் பிடித்தோம். ஐந்தாம் நாள் கேப்டனுக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியவில்லை. என் கையைப் பிடித்து, "உண்மைய சொல்லுங்க" என்றார். சொன்னேன்.

அவர் கத்தவில்லை. மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். "என் நெஞ்சுல என்ன இருக்குன்னு... எனக்கே தெரியாம நாலு நாளா வச்சிருந்தீங்களா? மூச்சு இருக்கும்போது தெரிஞ்சிருந்தா... துறைமுகத்துக்குள்ள எப்படி நுழையணும்னு டீச்சருக்குச் சொல்லிக் குடுத்திருப்பேனே. பாறை இருக்கு சிஸ்டர் அங்க."

நான் உனக்கு எழுதியது எனக்கே வந்து சேர்ந்தது.

மிச்ச நாட்களில் அவர் இரண்டு வார்த்தை, ஓய்வு, இரண்டு வார்த்தை என்று சொல்லச் சொல்ல டீச்சர் நோட்டில் எழுதிக்கொண்டார். 18-ஆம் தேதி காலை பாறைகளுக்கு நடுவே அந்த நோட்டைப் பார்த்துத்தான் உள்ளே வந்தோம். ஒரு பக்கம் கீறியது. ஓரிடத்தில் டீச்சர், "இதுக்கு மேல அவர் சொல்லலையே!" என்று அலறினார். அதற்கப்புறம் குருட்டாம்போக்கில் திருப்பினோம். தப்பித்தோம், அவ்வளவுதான்.

கேப்டன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நெஞ்சில் குழாய் போட்டிருக்கிறார்கள். பிழைத்துக்கொள்வார். டீச்சர் அவரோடு இருக்கிறார். நான் போனால் கேப்டன் கண்ணை மூடிக்கொள்கிறார். நேற்று மட்டும், "டீ இருக்கா?" என்று கேட்டார். வாங்கி வந்து கொடுத்தேன். குடித்தார். இன்றும் போவேன்.

இன்னும் ஒன்று. நீ பொய் சொல்கிறாய் என்று எனக்கு அக்டோபரிலேயே தெரியும். இருபது வருஷத்தில் ஒரு லாரிக்காரரைக்கூடச் சொன்ன நாளைக்கு மேல் காக்க வைத்தவள் இல்லை நீ. நூல் சரியில்லை என்று படித்ததுமே புரிந்துவிட்டது. புரிந்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. அந்த அலையைத் திரும்பிப் பார்த்த நாளிலிருந்து எனக்குப் போக விருப்பமில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. உன் பொய்க்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். "அக்கா தையல் மாதிரி வராது, காத்திருப்போம்" என்று நான் அவர்களிடம் சொன்னதும் பொய்தான். அவர்கள் கை தூக்கியதும் பாதி இடம் போயிற்று, பாய் வந்ததும் ஒளிய இடமே இல்லாமல் போயிற்று. உன்மேல் கொட்டிய கோபத்தில் பாதி என்மேல் வந்தது. மீதிப் பாதி உன்மேல்தான், அதை நேரில் வந்து திட்டிக்கொள்கிறேன்.

ஜனவரி முதல் வாரம் விமானத்தில் வருகிறேன். உன் வீட்டில் பத்து நாள் இருப்பேன். மாமாவிடம் சொல்.

இங்கே விடுதி அறையில் நாலு சுவரும் இருக்கின்றன. கட்டில் ஆடவில்லை. ஆனாலும் ஒரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். சிரிப்பாக எழுத எனக்கு எப்போதும் வரும், இன்றைக்கு வரவில்லை. பயமாக இருந்தது, அக்கா. கிளம்புவதற்கு முன்னாலும் இருந்தது, அங்கேயும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ரொம்பப் பயமாக இருந்தது.

உன்
தங்கை